மேல இருப்பது நெப்டியூன்

சாக்கை அவிழ்த்ததும் புளி வாசனை அடித்தது. உங்கள் தொலைநோக்கிக் குழாய் இப்போது தருமபுரியில் என் வாடகை வீட்டு மொட்டை மாடியில் நிற்கிறது சார். தூசி படாமலிருக்க நீங்கள் அதன்மேல் சுற்றி வைத்திருந்தது பழைய புளிச் சாக்கு. புளியின் ஈரம் கண்ணாடிக்கு ஆகாது, நல்ல துணியில் ஓர் உறை தைத்துப் போடுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். "புளி பித்தளையையே பளபளன்னு ஆக்குதுங்க சார், கண்ணாடிய என்ன பண்ணிடப் போகுது" என்று சிரித்தீர்கள். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் நான் சொன்னது சரியான யோசனை. நீங்கள் கேட்கவில்லை.

அதை மாடிக்கு ஏற்றுவதற்குள் என் முட்டிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆள் வைத்து ஏற்றியிருக்கலாம். இந்தத் தெருவில் யாரையும் கூப்பிட எனக்கு மனம் வருவதில்லை. எதிர்வீட்டுக்காரர் வாசலில் ஒரு வெள்ளை விளக்கைப் போட்டுவிட்டு விடியும்வரை அணைக்க மாட்டார். இரண்டு முறை கேட்டேன், திருட்டுப் பயம் என்றார். அவர் வீட்டில் திருட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க், அதற்கும் அந்தப் பக்கம் கல்யாண மண்டபம். வடக்கே வானம் சாம்பல் பூசிய மாதிரி இருக்கிறது. தென்கிழக்கில் மட்டும் கொஞ்சம் இருட்டு மிச்சம் இருக்கிறது.

வானத்தை ஒழுங்காகப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும். காரிமங்கலத்தில் இறங்கி, சந்தைத் திடலைத் தாண்டி, மண்சாலையில் நடந்தால், கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே உங்கள் வீடு. பின்கட்டில் சாணம் தெளித்த களம். அதன் நடுவே தச்சர் செய்து கொடுத்த மரப் பீடத்தில் இந்தக் குழாய். முதல்முறை பார்த்தபோது, நான் பாடம் நடத்தும் கல்லூரியின் ஆய்வகத்தில்கூட இப்படி ஒன்று இல்லையே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்போது சொல்வதில் தவறில்லை.

ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்கு என்னை இயற்பியல் பேச அழைத்திருந்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நீங்கள், கூட்டம் முடிந்ததும் வந்து, யுரேனஸை வீட்டுக் குழாயில் பார்க்க முடியுமா என்று கேட்டீர்கள். அரசுப் பள்ளிக் கணக்கு வாத்தியார், என் வயதுதான். சென்னையில் படித்து வளர்ந்தவன் நான். இந்த ஊரில் இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போய்விடலாம் என்று வந்து, இங்கேயே தலை நரைத்தவன். எனக்குப் பின்னால் சேர்ந்தவன் துறைத்தலைவராக உட்கார்ந்திருக்கும் அறைக்குள் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருப்பவன். அவன் தலைவரான பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்பதை நிறுத்தியிருந்தார்கள். நீங்கள் கேட்டீர்கள். அதனால்தான் வந்தேன். அதன்பின் நிலவில்லாத சனிக்கிழமை சாயங்காலங்களில் தவறாமல் வந்தேன். இத்தனை வருடத்தில் நீங்கள் எனக்குச் சார், நான் உங்களுக்குச் சார். அதைத் தாண்டி இருவரும் போகவில்லை.

மங்கலான கிரகங்களைத் தேடுவதில் உங்களுக்கென்று ஒரு வழி இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற ஒரு நட்சத்திரத்தில் தொடங்கி, அடுத்தது, அதற்கடுத்தது என்று குழாயை மெல்ல நகர்த்திக்கொண்டு போவது. உலகம் முழுக்க எல்லோரும் செய்வதுதான். நீங்கள் மட்டும் அதை டவுன் பஸ் ஆக்கினீர்கள். பிரகாசமான நட்சத்திரம் தருமபுரி பஸ் ஸ்டாண்டு. அடுத்தது பெரியாம்பட்டி. அப்புறம் காரிமங்கலம். "எக்ஸ்பிரஸ்ல ஏறிடாதீங்க சார், நேரா கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோய் விட்டுருவான்" என்பீர்கள். குழாயை வேகமாகத் தள்ளிவிட்டேன் என்று அதற்குப் பொருள். கார்த்திகைக் கூட்டத்துக்கும் மேஷத்துக்கும் நடுவே யுரேனஸை அப்படித்தான் பிடித்தோம். வெளிறிய பச்சையில், நட்சத்திரம்போல் மினுக்காமல், ஊசிமுனை அளவுக்கு ஒரு வட்டம். நீங்கள் வீட்டுக்குள் ஓடிப்போய் உங்கள் மனைவியை இழுத்து வந்தீர்கள். அவர் ஒரு நொடி கண்ணை வைத்துவிட்டு, "இதுக்குத்தானா களி ஆறிப்போற வரைக்கும் நின்னீங்க" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அன்று மூவரும் ஆறிப்போன களியைத்தான் சாப்பிட்டோம்.

மிச்சம் இருந்தது நெப்டியூன். அது யுரேனஸைவிட மங்கல், வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. குழாயிலும் பக்கத்து நட்சத்திரங்களைப் போல ஒரு புள்ளியாகத்தான் இருக்கும். இரண்டு புரட்டாசி மாதங்கள் தேடினோம். களத்துக்குள் போன் வரக்கூடாது என்பது உங்கள் சட்டம். "போன்லதான் பாக்கணும்னா எதுக்குங்க சார் குழாய்" என்றீர்கள். அந்தச் சட்டம் எனக்கும் பிடித்திருந்தது.

போன வருடம் புரட்டாசியில், இருட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கிழக்கே நான்கு நட்சத்திரங்களாலான பெரிய சதுரம் எழும்பியிருந்தது. அங்கிருந்து மீன ராசியின் மங்கலான நட்சத்திர வட்டத்துக்கு வந்து, தெற்கே இறங்கி நின்றோம். குழாய்க்குள் ஒரே அளவில் இரண்டு புள்ளிகள் இருந்தன. நீங்கள் முதலில் பார்த்தீர்கள். வழக்கம்போல் குழாயின் முனையை ஒரு விரலால் தட்டினீர்கள். படம் லேசாக அதிரும்போது மங்கலானது துலங்கும் என்பது உங்கள் கண்டுபிடிப்பு. வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரெண்டுல மேல இருக்கறதுதாங்க சார் நெப்டியூன்" என்றீர்கள்.

நான் பார்த்தேன். கீழே இருந்த புள்ளிதான் மினுக்காமல் நின்றது. அதில்தான் சாம்பலும் நீலமுமான ஒரு சாயல் இருந்தது. மேலே இருந்தது சாதாரண நட்சத்திரம்.

"இல்ல சார். கீழ இருக்கறதுதான்" என்றேன்.

மறுபடி குனிந்தீர்கள். "கீழ இருக்கறது மினுக்குதுங்களே சார். மேல இருக்கறத நல்லாப் பாருங்க."

மறுபடி நான். மறுபடி நீங்கள். குழாயில் ஒரு நேரத்தில் ஒரு கண்தான் வைக்க முடியும், விரலால் தொட்டுக் காட்ட முடியாது. மேல என்றீர்கள், கீழ என்றேன். கடைசியில் நீங்கள் என் கல்லூரிப் பாடத்தைக் கேலி செய்தீர்கள், நான் உங்கள் கண்ணாடிப் பவரைக் கேலி செய்தேன். அன்று சாப்பிடாமல் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் ஏறிவிட்டேன். பஸ்ஸிலேயே போனை எடுத்துப் பார்த்தேன். களத்துக்குள்தானே கூடாது. குழாய் தலைகீழாகக் காட்டுவதையும் கணக்கில் சேர்த்தால், இரண்டு புள்ளிகளில் எது நெப்டியூன் என்று அதில் தெளிவாக இருந்தது. நான் சொன்னதுதான்.

உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நீங்களே பார்த்துவிட்டுக் கூப்பிடட்டும் என்று இருந்தேன். நீங்கள் கூப்பிட்டீர்கள், ஆனால் வேறு விஷயமாக. உங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் நான் பேசவேண்டும் என்றீர்கள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வந்தேன். மைக்கைப் பிடித்து நீங்கள் பிள்ளைகளிடம், "போன வாரம் நானும் சாரும் நெப்டியூனப் பாத்தோம்" என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து என் முறை. உங்கள் கணக்கு வாத்தியார் பார்த்தது நெப்டியூன் அல்ல, பக்கத்தில் இருந்த நட்சத்திரம், நெப்டியூனைப் பார்த்தவன் நான் மட்டும்தான் என்றேன். அறிவியலில் மரியாதைக்கு இடமில்லை என்றும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமையாசிரியரும் சிரித்தார். முன்வரிசையில் நீங்களும் சேர்ந்து கை தட்டினீர்கள்.

பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்து வந்தீர்கள். பஸ் வருவது தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தீர்கள்.

"மைக்குல சொல்லாம இருந்திருக்கலாங்க சார்."

"தப்பைத் தப்புன்னுதான் சார் சொல்லணும்."

"சரிங்க. மழை விடட்டும். வூட்டுக்கு வாங்க, காட்டறேன்."

"நீங்க ஒத்துக்கிட்டு போன் பண்ணுங்க. அப்ப வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

நீங்கள் போன் செய்யவில்லை. ஐப்பசி முழுக்க மழை. கார்த்திகையில் மூட்டம். மார்கழியில் வானம் திறந்தது. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உங்களை ஜெயித்துவிட்ட மகிழ்ச்சியெல்லாம் எனக்கு இல்லை. கல்லூரியில் நான் சரியாக இருந்தும் தோற்ற இடங்கள் நிறைய. இங்கே ஒரே ஒரு இடத்தில், என்னை மதிக்கிற ஒரே ஒரு ஆள், ஆமாங்க சார், நீங்க சொன்னதுதான் சரி என்று சொல்லவேண்டும் என்று காத்திருந்தேன். அது பெரிய ஆசையா?

தை பிறந்து சில நாளில் உங்கள் பள்ளியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நெஞ்சுவலி, தருமபுரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே போய்விட்டீர்கள் என்றார். மாலை வாங்கிக்கொண்டு வந்தேன். களத்தில்தான் கிடத்தியிருந்தார்கள். மாலையை வைத்து உங்கள் முகத்தைப் பார்த்தபோது, கடைசிவரை ஒத்துக்கொள்ளாமலே போய்விட்டீர்களே என்றுதான் நினைத்தேன். அழவில்லை. வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டேன்.

அதன்பிறகும் உங்களோடு பேசிக்கொண்டேதான் இருந்தேன். பஸ்ஸில், வகுப்புக்குப் போகும் படிக்கட்டில், தாள் திருத்தும்போது. நெப்டியூன் ஏன் மினுக்காது, நிறத்தை ஓரக்கண்ணால் ஏன் மதிப்பிடக்கூடாது, இரண்டு பேரில் யார் கண்ணுக்கு அனுபவம் அதிகம் என்று ஒவ்வொரு வாதமாக. நன்றாகவே தயாரித்திருந்தேன். எந்த இடத்தில் நீங்கள் சிரித்து மழுப்புவீர்கள் என்பதுகூட அதில் இருந்தது.

இந்தப் புரட்டாசியில் உங்கள் மனைவி கூப்பிட்டார். மகள் பிரசவத்துக்கு வருகிறாள், அறையை ஒழிக்க வேண்டும், அந்தக் குழாயை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்யப் போகிறோம், நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். ஒரு சின்ன வண்டி பேசிக்கொண்டு வந்தேன். வாசலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். இளைத்திருந்தார். போன புரட்டாசிக்குப் பிறகு, அவர் இருந்தவரை ஏன் வரவில்லை என்று கேட்டார். வேலை என்றேன்.

"அவரு சொல்லிட்டே இருந்தாருங்கண்ணா" என்றார். "மழை விட்டதும் சாரு வருவாரு, தப்பு அவருதுதான்னு அவரே வந்து ஒத்துக்குவாரு, நீ ஒண்ணும் கேக்காதன்னு. போன்லயும் என்னமோ பாத்தாரு. நான் சொன்னதுதான் சரியா இருக்குதுன்னாரு."

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். நானும்தான் போனில் பார்த்தேன். அதெப்படி உங்களுக்கு வேறு மாதிரி காட்டும்? இருக்கிற நெப்டியூன் ஒன்று. செத்த பிறகும் மனைவி வாயால் வந்து வம்புக்கு நிற்கிறீர்களே என்று எனக்குக் கோபம் வந்தது. குழாய் எங்கே இருக்கிறது, எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன் என்றேன்.

"மேல ரூம்ல இருக்குதுங்கண்ணா. கதவு தொறந்துதான் இருக்குது."

உங்கள் வீட்டு மாடிப்படி எவ்வளவு செங்குத்து என்று உங்களுக்குத் தெரியும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டி நோக ஏறினேன். மேலே ஒரே ஒரு அறை. உள்ளே வெங்காயம் பரப்பியிருந்தது, ஓர் உடைந்த கட்டில் கிடந்தது. குழாய் இல்லை. கட்டிலுக்கு அடியிலும் பார்த்துவிட்டுப் படியின் தலைப்பில் வந்து நின்று, இங்கே இல்லையே என்றேன். கீழே முற்றத்தில் நின்று அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். நீங்கள் போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"அங்க எதுக்குங்கண்ணா ஏறுனீங்க? மேல ரூம்னா மேக்கால ரூமுங்க. இந்தா, இங்க இருக்குது."

கையால் மேற்கு அறையைக் காட்டினார்.

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன் சார்.

மேலத்தெரு, கீழத்தெரு இல்லாத ஊர் தமிழ்நாட்டில் ஏது? உங்கள் நிலத்தையே மேலக் கொல்லை, கீழக் கொல்லை என்றுதான் சொல்வீர்கள். நீங்கள் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. குழாயில் கண்ணை வைத்திருக்கிற நேரத்தில், மேல என்பதற்கு மேலே என்பதைத் தவிர வேறு பொருள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கிழக்கே எழும்பிவரும் வானத்தில் மேற்குப் பக்கம் உயரத்தில் இருக்கும். நம் குழாயோ எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும். அப்படியானால் அதற்குள் மேற்கு அடியில் வரும். நீங்கள் மேல என்று சொன்ன புள்ளியும் நான் கீழ என்று சொன்ன புள்ளியும் ஒன்றேதான். நான் கீழ கீழ என்றதெல்லாம் உங்கள் காதில் கிழக்கு கிழக்கு என்று விழுந்திருக்கிறது. இருவரும் ஒரே நெப்டியூனைப் பார்த்துவிட்டு, இருவரும் போனில் சரிபார்த்து, இருவரும் ஜெயித்து, மற்றவர் வந்து ஒத்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் பழசெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. நட்சத்திரங்கள் குழாயின் பார்வையிலிருந்து நழுவும்போது, "மேல ஓடுதுங்க சார், புடிங்க" என்பீர்கள். கீழே அல்லவா ஓடுகிறது என்பேன். "கீழ எப்படிங்க சார் ஓடும்" என்று நீங்கள் சிரித்த சிரிப்பை, நான் அறியாமை என்று நினைத்திருந்தேன். எந்த நட்சத்திரம் கிழக்கே ஓடியிருக்கிறது?

இதை உங்கள் மனைவியிடம் சொல்லாமலிருக்க முடியவில்லை. கீழே இறங்கிவந்து, மோர் டம்ளரை முற்றத்தில் வைத்து, அது எப்படித் தலைகீழாகத் தெரியும் என்று காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணையேதான் பாத்தீங்களாங்கண்ணா?"

"ஆமாம்மா."

"அப்புறம் எதுக்கு பேசாம இருந்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். உள்ளே போய்க் குழாயை வண்டிக்காரரோடு சேர்ந்து தூக்கினேன். புறப்படும்போது, குழந்தை பிறந்ததும் சொல்லி அனுப்புகிறேன், வந்து பாருங்கள் என்றார்.

முழுப் பழியையும் நான் ஏற்கமாட்டேன். மேற்கு என்று சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கரும்பலகையில் படம் போடும்போது மேற்கு, கிழக்கு என்றுதானே எழுதுவீர்கள்? பஸ் நிறுத்தத்தில் காட்டறேன் என்றீர்களே, ஒருமுறை போன் செய்து எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் என்ன? நான்தான் வணங்காத ஆள் என்று தெரியும். உங்களுக்கென்ன வந்தது? இதையெல்லாம் யோசித்துக்கொண்டுதான் ஊர் வந்து சேர்ந்தேன். பாதி வழியில் எனக்கே அலுத்துவிட்டது.

நேற்று சாயங்காலம் மழை விட்டு வானம் கொஞ்சம் தெளிந்தது. எதிர்வீட்டு விளக்கை மறைக்க ஒரு போர்வையைக் கொடியில் கட்டினேன். இந்த வருடம் சனி நெப்டியூனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, சதுரத்திலிருந்து பஸ் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வருடத்தில் நெப்டியூன் நகர்ந்திருப்பது நீட்டிய கையில் ஒரு கட்டைவிரல் அகலம்தான். சனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, குழாயின் முனையை ஒரு விரலால் தட்டினேன். புள்ளி துலங்கியது. மினுக்கவில்லை. அதே சாம்பல் நீலம். இதுதான் என்றேன், சத்தமாகவே. இல்லை என்று சொல்ல ஆள் இல்லை.

அந்தத் துறைத்தலைவன்மேல் இருக்கிற கோபம் அப்படியே இருக்கிறது சார். எதிர்வீட்டுக்காரர்மேல் இருப்பதும் இருக்கிறது. அவற்றை விடுவதாக எனக்கு உத்தேசமில்லை. உங்கள்மேல் இருந்தது மட்டும் அந்தப் படிக்கட்டில் கழன்றுவிட்டது. கழன்றால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். கோபம் இருந்தவரை நீங்கள் காரிமங்கலத்தில் இருந்தீர்கள். களத்தில் நின்றுகொண்டு, பிடிவாதமாக, நான் வரவேண்டும் என்று. அங்கே ஆள் இருக்கிறது என்ற நினைப்பில்தான் நான் அத்தனை வாதங்களையும் சேர்த்தேன். அவை எல்லாம் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன, ஒன்றுவிடாமல். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பழக்கத்தில் ஒன்று கிளம்புகிறது. பாதியில் நின்றுவிடுகிறது.

நேற்று வெகுநேரம் நான் இறங்கி வராததைப் பார்த்து என் மனைவி மாடிக்கு வந்தாள். குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"சார் செத்துட்டாரு" என்றேன்.

"அது தையிலயே ஆச்சேங்க" என்றாள்.